நோட்டரி முத்திரையா, பத்திரப்பதிவா?

'நோட்டரியிடம் முத்திரை வாங்கினால் போதாதா, எதற்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் அலைச்சல்?' என்று பலர் தயங்குவதைப் பார்க்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பதிவேடு:
நோட்டரி – 1956 ஆம் ஆண்டு விதிகளின்படி தனிப் பதிவேட்டில் உங்கள் பெயர், ஆவணத்தின் தன்மை, கட்டணம் எல்லாம் ஏறும். ஆனால் அது வெறும் குறிப்புதான். அசல் உங்கள் கையில். தொலைத்தால் உங்கள் பாடு.
சார்பதிவாளர் – ஆவணமே அரசுப் பதிவில் இருக்கும். அசல் போனாலும் சான்றிட்ட நகல் வாங்கலாம். சொத்துப் பத்திரமானால் வில்லங்கச் சான்றிலும் தெரியும். எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

முத்திரை:
நோட்டரி – 5 செ.மீ. விட்டமுள்ள வட்ட முத்திரை. அவர் பெயரும் அதிகார எல்லையும் அதில் இருக்க வேண்டும். படித்துப் பாருங்கள், பலர் பார்ப்பதே இல்லை. பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் முத்திரை மட்டும் குத்தித் தந்தால் சந்தேகப்படுங்கள்.
சார்பதிவாளர் – அலுவலக முத்திரை, ஆவண எண், ஆண்டு.

செலவு, நேரம்: நோட்டரிக்குக் குறைவு, அன்றே முடியும். பதிவுக்கு முத்திரைத்தாள் தீர்வை, பதிவுக் கட்டணம், முன்பதிவு.

சரி, எதற்கு எது? பெயர் மாற்றம், தொலைந்த சான்றிதழ் போன்றவற்றுக்கான பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி தாராளம். வீடு, மனை விற்பனைக்குப் பதிவுதான். 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 100 ரூபாய்க்குக் குறையாத அசையாச் சொத்து விற்பனைக்கே அதைக் கட்டாயமாக்குகிறது. உயிலைப் பதிவது உங்கள் விருப்பம். ஆனால் இரண்டு சாட்சிகள் இல்லாத உயிலை நோட்டரி முத்திரை காப்பாற்றாது.