டிரேட்மார்க் அப்ளை பண்ணவங்க கவனத்துக்கு: தபால்ல வர்ற பில்லை நம்பி காசு கட்டிடாதீங்க

சிங்கப்பூர்ல வீட்டுலயே பொடி, ஊறுகா, முறுக்குனு செஞ்சு விக்கிறவங்க இதைக் கொஞ்சம் படிங்க. 1,870 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஏமாந்துட்டேன். சொல்லவே வெக்கமாத்தான் இருக்கு, ஆனா போன வாரம் தேக்கா மார்க்கெட்ல பாத்த ஒரு அக்கா பையிலயும் இதே மாதிரி லெட்டர், அதான் எழுதறேன்.

ஆக்ரால (ACRA, இங்க பிசினஸ் பதியற கவர்மெண்டு ஆபீஸ்) பேர் பதிஞ்சாச்சு, இனி அந்தப் பேரு நம்மளுதுனு ரெண்டு வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். இல்லயாம், அது வெறும் பிசினஸ் பேர் பதிவு, பிராண்டுக்கு ஐபோஸ்ல (IPOS, டிரேட்மார்க் பதியற கவர்மெண்டு ஆபீஸ்) டிரேட்மார்க் தனியா போடணும். சரினு இவரும் நானும் ஒரு ராத்திரி உக்காந்து ஆன்லைன்ல அப்ளை பண்ணோம், இட்லி பொடி, முறுக்குக்கு 30ஆம் கிளாஸ் (கிளாஸ்னா பொருளோட வகை), ஊறுகாக்கு 29, ரெண்டுக்கும் தனித்தனியா ஃபீஸ். ஊறுகாயும் பொடியும் ஒரே அலமாரில இருக்கும், அவங்களுக்கு மட்டும் வேற வேற கிளாஸ்!

சில மாசத்துல அக்சப்ட் ஆகி டிரேட்மார்க் ஜர்னல்ல போட்டாங்க. அதுக்கப்புறம் 2 மாசம், யாருக்காவது ஆட்சேபனை இருந்தா சொல்லலாம், இல்லனா பதிவாயிடும். இங்கதான் வந்துச்சு வினை. ஜர்னலை யார் வேணா பாக்கலாம், நம்ம பேரு, அட்ரஸ், லோகோ எல்லாம் அதுல இருக்கும்.

மூணாவது வாரம் ஒரு லெட்டர். நல்ல தடிப் பேப்பர், மேல உலக உருண்டை படம், நடுவுல எங்க அம்மி லோகோ கலர்ல, அப்ளிகேஷன் நம்பர் ஒரு எழுத்து பிசகாம அப்படியே. "பதிவுக் கட்டணம் 1,870 வெள்ளி, 10 நாளுக்குள்ள". தீபாவளிக்கு நாலு நாள் இருக்கு, அடுப்புல எண்ணெய் காயுது, நூறு பாக்கெட் ஆர்டர் நிக்குது, கட்டலன்னா பேரு போயிடுமோனு பயம் வேற, இவர்கிட்ட கூட சொல்லாம அன்னைக்கே டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டேன். அக்கவுண்ட் ஐரோப்பால இருக்குனு பாத்தப்பவே மண்டைல உறைச்சிருக்கணும், சிங்கப்பூர் கவர்மெண்டு ஆபீஸ் எதுக்குங்க அங்க போய் அக்கவுண்ட் வச்சிருக்கப் போவுது.

தீபாவளி முடிஞ்சு கணக்கு பாக்கும்போதுதான் இவரு லெட்டரைத் திருப்பி பின்பக்கம் காட்டினாரு. வெளிர் சாம்பல் கலர்ல எறும்பு சைஸ் எழுத்து: இது ஒரு தனியார் லிஸ்டிங் சேவைக்கான ஆஃபர், கட்டணும்னு கட்டாயம் இல்ல. அதாவது அவங்க வச்சிருக்கற ஏதோ ஒரு பட்டியல்ல நம்ம பேரைப் போடுவாங்களாம், அதனால நமக்கு சட்டப்படி ஒரு பிரயோஜனமும் கிடையாது.

ஐபோஸ்க்கு கேட்டு எழுதினேன், அது நாங்க அனுப்பினது இல்லனு பதில். அவங்க வெப்சைட்லயே இந்த மாதிரி லெட்டர் பத்தி எச்சரிக்கை போட்டிருக்காங்க, நான்தான் பாக்கல. அப்ளை பண்ணும்போது கட்டினதோட சரி, ஜர்னல்ல போடறதுக்கோ பதிவாகறதுக்கோ தனியா காசே கிடையாது. பதிவானா அப்ளை பண்ண தேதிலருந்து 10 வருஷம் செல்லும், ரினியூவலுக்குத்தான் அடுத்த காசு. அதுக்கும் வேற யாராவது கூடுதல் ரேட்டுல பில் அனுப்புவாங்களாம், அதையும் கவனிங்க.

பேங்க்ல கேட்டா பணம் வெளிநாடு போயிடுச்சு, திரும்ப எடுக்கறது கஷ்டம்னுட்டாங்க. போலீஸ் ரிப்போர்ட் குடுத்திருக்கேன். சந்தேகமா இருந்தா கட்றதுக்கு முன்னாடி 1799க்கு ஃபோன் பண்ணுங்க, அது மோசடிக்குனே இருக்கற நம்பர்.

எங்க டிரேட்மார்க் என்னவோ ஒழுங்கா பதிவாயிடுச்சு, சர்டிபிகேட்டும் வந்துடுச்சு. அது வந்த மறு வாரமே இன்னொரு லெட்டர், கம்பெனி பேரு வேற, உருண்டை மட்டும் அதேதான், இந்தத் தடவ 2,140 வெள்ளி. இப்ப எண்ணெய் டின்னுக்கு அடியில கிடக்கு.