பதினோரு ஆண்டுகள் சாப்பிட்ட உணவகத்துக்குப் போவதை ஏன் நிறுத்தினேன்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு சைவ உணவகத்தில், 2014 முதல் வாரத்துக்கு நான்கு நாளாவது காலை டிபன் சாப்பிட்டு வந்தேன். கடந்த எட்டு மாதங்களாக அங்கே போவதில்லை. சுவை குறைந்தது காரணமன்று. நெய் ரோஸ்ட்டின் முறுகலும் சின்ன வெங்காயச் சாம்பாரின் மணமும் கடைசி நாள் வரை மாறவில்லை.

தொடக்க ஆண்டுகளில் அங்கே பரிமாறியவர்களுக்கு ஒவ்வொரு வாடிக்கையாளரின் முகமும் தெரியும். இட்லி பாதி தீர்வதற்குள் சாம்பார் வாளி தானாக வந்து நிற்கும். என் தந்தைக்குக் காரம் ஆகாது என்று ஒருமுறை சொன்னதை நினைவில் வைத்திருந்து, மூன்று மாதம் கழித்து அவர் வந்தபோதும் காரச் சட்னியை ஒதுக்கிவிட்டுத் தேங்காய்ச் சட்னியை மட்டும் இலையில் வைத்த பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார்.

2020 ஊரடங்கில் பார்சல் மட்டுமே கொடுக்க முடிந்த நாட்களில் உணவு விநியோகச் செயலிகள்தாம் அந்தக் கடையைக் காப்பாற்றின என்பதை மறுக்க முடியாது. ஆனால் மேசைகள் மீண்டும் நிரம்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆறு பேர் பரிமாறிய இடத்தில் மூன்று பேர்தான் நின்றார்கள். பார்சல் கட்டும் வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. கல்லாவின் அருகில் ஆர்டர் மணி அடித்தால் போதும், சட்னி வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடுவார்கள்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது இட்லிக்குச் சாம்பார் கேட்டு என் தந்தை கையை உயர்த்தியபடி காத்திருந்தார். விரல்களில் ஒட்டியிருந்த இட்லித் துணுக்குகள் காய்ந்துபோயின. மூன்று முறை கூப்பிட்டும் யாரும் திரும்பவில்லை. கல்லாவில் இருந்தவரிடம் சொன்னபோது, "பார்சல் நிறைய இருக்கு சார், பொறுங்க" என்று தலை நிமிராமலே சொன்னார். எழுபத்தாறு வயதுக்காரர் வெறும் இட்லியை விழுங்கிவிட்டு எழுந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பரிமாறும் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. வேலைக்கு வந்து சில வாரங்களே ஆன வடமாநில இளைஞனுக்குக் கெட்டிச் சட்னி என்றால் என்னவென்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவனை அதட்டுவதற்கு மட்டும் ஆள் இருந்தார்கள். உரிமையாளரிடம் இரண்டு முறை பொறுமையாகப் பேசினேன். "ஆள் கிடைக்கலை" என்பதே இரண்டு முறையும் கிடைத்த பதில். ஆள் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் இருக்கிற மூவரையும் பார்சலுக்கு இழுத்தது அவருடைய முடிவு.

இது ஒரு கடையின் கதை மட்டுமன்று. கன்டோன்மென்ட் பகுதியில் குளிரூட்டப்பட்ட உணவகம் ஒன்றில், நாற்பது நிமிடம் காக்க வைத்த பிறகு, சேவைக் கட்டணம் என்று 82 ரூபாயைப் பில்லில் தாமாகவே சேர்த்திருந்தார்கள். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கப் போவதாகச் சொன்ன பிறகே தொகையைக் கழித்தார்கள். அந்தக் கடைப் படியை நாங்கள் மறுபடி மிதிக்கவில்லை.

சத்திரத்துக் கடைக்கு வருகிறேன். காலை நடை முடித்து அங்கே கூடும் நாங்கள் எட்டுப் பேர். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அடுத்த தெருவிலுள்ள சிறிய மெஸ்ஸுக்கு மாறிவிட்டோம். என்னைத் தவிர யாரும் உரிமையாளரிடம் குறை சொல்லவில்லை, அதனால் மற்றவர்கள் ஏன் வருவதில்லை என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். மலைக்கோட்டைக்கு வரும் வெளியூர்க் கூட்டத்தால் ஞாயிறுகளில் கடை நிரம்பித்தான் இருக்கிறது. ஆனால் வார நாட்களில் காலை எட்டு மணிக்கே பாதி மேசைகள் காலியாகக் கிடப்பதை வெளியிலிருந்து பார்க்கிறேன். காலை ஏழு முதல் ஒன்பதரை வரை இரண்டு பேரையாவது பார்சல் பக்கம் அனுப்பாமல் மேசைகளுக்கென்றே நிறுத்தினால், மறுநாளே தந்தையை அழைத்துக்கொண்டு போவேன்.