ஹம்ப்ரீஸா, டூசியா, எவல்யூஷனா: சியரா நெவாடாவின் மூன்று மலைப்படுகைகள்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் முதுகுப்பையோடு சில நாட்கள் சுற்றிவரத் திட்டமிடுகிறவர்களைக் கேட்டால், பெரும்பாலும் எவல்யூஷன் பேசின் (பேசின் என்றால் மலைப்படுகை) என்றுதான் பதில் வருகிறது. நல்ல தேர்வுதான். 'எத்தனை நாள் விடுப்பு?' என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் கணக்கு உதைக்கத் தொடங்கும். நான்கு நாள் என்பார்கள். நான்கு நாளில் எவல்யூஷனுக்குப் போய்வர முடியும், பார்த்துவர முடியாது.

உயர்மலைப் படுகை என்பது கடந்துபோகும் இடமன்று, உள்ளே அலைய வேண்டிய இடம். மரங்கள் முடிந்துபோகும் உயரத்தில், சிகரங்கள் சூழ்ந்த அகன்ற கிண்ணத்தில், பனியாறுகள் குடைந்துவைத்த ஏரிகள் சிதறிக் கிடக்கும். பாதை அவற்றில் நான்கைந்தைத்தான் தொட்டுச் செல்லும். ஆகவே நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றே: போகவும் வரவும் எத்தனை பகல்கள் கழிகின்றன, படுகைக்குள் கூடாரத்தை அசைக்காமல் சுற்ற எத்தனை பகல்கள் மிஞ்சுகின்றன?

இந்த மூன்று படுகைகளையும் ஒப்பிட வசதியான காரணம் ஒன்று உண்டு. மூன்றுக்கும் பிஷப் என்ற ஊரிலிருந்து மேற்கே ஏறும் மலைச்சாலைகள் வழியாகவே போகலாம். நார்த் லேக்கில் தொடங்கினால் பியூட் கணவாய் வழியே ஹம்ப்ரீஸ் பேசின். சவுத் லேக்கில் தொடங்கினால் பிஷப் கணவாய் வழியே டூசி பேசின். எவல்யூஷன் இரண்டுக்கும் பின்னால், உள்ளே தள்ளி இருக்கிறது.

ஹம்ப்ரீஸிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நியாயமாகக் கிடைக்க வேண்டிய கவனம் அதற்குக் கிடைப்பதில்லை. நார்த் லேக்கிலிருந்து கணவாய்க்கு ஐந்து மைல் அளவு. ஏற்றம் 2,000 அடிக்குச் சற்று மேல். 11,423 அடி உயரக் கணவாயின் மறுபக்கம் பெரிதாக இறங்கவே வேண்டாம், படுகை அங்கேயே விரிகிறது. காலையில் கிளம்பினால் பிற்பகலில் கூடாரம் போட்டுவிடலாம். நான்கு நாள் பயணத்தில் இரண்டு முழுப் பகல்கள் கையில் மிஞ்சும்.

அந்த இரண்டு பகல்களில் செய்ய நிறைய இருக்கிறது. கணவாயைத் தாண்டிப் பாதையை விட்டு வடக்கே திரும்பினால் பாறைப் பலகைகள், அவற்றுக்கிடையே மணல், குட்டையான புல். கால் வைக்க எளிதான தரை. ஆனால் நிலம் மெல்ல மெல்ல ஏறி இறங்குவதால், எதிரே ஏரி இருப்பது மேட்டின் உச்சிக்கு வரும்வரை தெரியாது. மேசா, டோமஹாக், மார்மட் என்று வரைபடம் முழுக்க ஏரிகள். தலைக்கு மேல் கிட்டத்தட்ட 14,000 அடி ஹம்ப்ரீஸ் சிகரம் எங்கிருந்து பார்த்தாலும் தெரிவதால் திசை தவறுவது கடினம். பாதையில்லா நடையைப் பழக இதைவிடத் தோதான இடம் இந்தப் பகுதியில் எனக்குத் தெரியவில்லை.

குறை இல்லாமலில்லை. இந்தப் படுகை திறந்த வெளி. எல்லாவற்றிலும் பெரிய டெசொலேஷன் ஏரியின் கரையில் மாலைக் காற்றைத் தடுக்க ஒன்றுமே கிடையாது. சரளை மண்ணில் கூடார முளைகள் பிடிக்காது. கயிற்றை நீளமாக விட்டுத் தலையளவுக் கற்களில் சுற்றிக்கட்டி, அதன்மேல் இன்னொரு கல்லை ஏற்றிவைக்க வேண்டும். ஏரிக்கரை ஆசையை விட்டுவிட்டு ஒரு பாறை மேட்டின் பின்னால் ஒதுங்குவதே புத்திசாலித்தனம். நீர்நிலையிலிருந்து நூறடி தள்ளித்தான் முகாமிட வேண்டும் என்பது எப்படியும் பொதுவிதி. ஜூலையில் ஈரப் புல்வெளிகளில் கொசு பிடுங்கித் தின்னும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டூசி அழகில் ஹம்ப்ரீஸை விஞ்சும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஹம்ப்ரீஸின் சிகரம் தனியாக நிற்கிறது. டூசியின் கிழக்கே 14,242 அடி நார்த் பாலிசேடை உள்ளடக்கிய ஒரு கூர்முனைச் சுவரே நிற்கிறது. சவுத் லேக்கிலிருந்து பிஷப் கணவாய்க்கு ஆறு மைல் அளவு, உயரம் 11,972 அடி. வழியெங்கும் ஏரிகள் என்பதால் ஏற்றத்தின் அலுப்பு தெரியாது. உடல் உயரத்துக்குப் பழகியவர்கள் கணவாயிலிருந்தே 13,893 அடி அகாசி சிகரத்துக்குக் கயிறில்லாமல் ஏறலாம். கற்குவியல் ஏற்றம், பொறுமை வேண்டும்.

ஆனால் டூசி ஒரு நடைபாதையும்கூட. ஜான் மியூர் நெடும்பாதையிலிருந்து பிஷப்புக்கு இறங்குகிறவர்களும், உணவை நிரப்பிக்கொண்டு திரும்புகிறவர்களும் இதன் வழியேதான் போகிறார்கள். பாதையோர ஏரிகளில் தனிமையை எதிர்பார்க்காதீர்கள். தீர்வு எளிது: தென்கிழக்கே நாப்சாக் கணவாயை நோக்கி மேல் ஏரிகளுக்கு நகர்ந்துவிட்டால் கூட்டம் கழன்றுவிடும். அந்தக் கணவாயையும் தாண்டினால் பாலிசேட் பேசின். அங்கே பாதையும் இல்லை, ஹம்ப்ரீஸின் இலகுவான தரையும் இல்லை. பெரிய பெரிய பாறைகள். அவற்றில் சில காலடியில் ஆடும். முதல் பயணத்திலேயே அங்கே போகாதீர்கள்.

சட்டதிட்டங்களிலும் வேறுபாடு உண்டு. ஹம்ப்ரீஸ் தேசிய வனப்பகுதி, நாயை அழைத்துப் போகலாம். டூசியும் எவல்யூஷனும் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன, அங்கே நாய்க்கு அனுமதியில்லை. டூசியில் உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டிப் பெட்டியில் வைப்பது கட்டாயம். கட்டாயமிருக்கிறதோ இல்லையோ, மூன்றுக்கும் அந்தப் பெட்டியை எடுத்துச் செல்லுங்கள். உணவைத் தூக்கிக் கட்டுவதற்கு அந்த உயரத்தில் மரம் ஏது? விறகுத் தீயும் அங்கே கிடையாது. 10,000 அடிக்கு மேல் தடை.

இனி எவல்யூஷன். 1895இல் மலைப்பகுதி ஆய்வாளர் தியோடர் சாலமன்ஸ் இங்குள்ள சிகரங்களுக்கு டார்வின், ஹக்ஸ்லி, வாலஸ், ஹெக்கல், ஸ்பென்சர், ஃபிஸ்க் என்று பரிணாமச் சிந்தனையாளர்களின் பெயர்களைச் சூட்டினார். 10,850 அடியில் எவல்யூஷன் ஏரி, அதற்கு மேலே வாண்டா ஏரி, உச்சியில் 11,955 அடி மியூர் கணவாய், கணவாயில் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1930இல் கட்டிய கல்குடில். மூன்றிலும் பிரமாண்டமானது இதுதான். சிக்கல் தூரத்தில் இருக்கிறது. பியூட் கணவாய் வழியே போனால் 8,000 அடி அளவுக்கு இறங்கிவிட்டு மீண்டும் ஏற வேண்டும். ஏரியை எட்ட 30 மைலுக்குக் குறையாது. பிஷப் கணவாய் வழியே போனால் தூரம் குறையும், ஆனால் 8,700 அடி லீகான்ட் பள்ளத்தாக்கில் இறங்கி மியூர் கணவாயையும் ஏறியாக வேண்டும். போகவே மூன்று பகல்கள், வரவும் அவ்வளவே.

குறுக்குவழி உண்டு: நார்த் லேக்கிலிருந்து ஏறத்தாழ 12,900 அடியில் உள்ள லமார்க் கணவாய். பராமரிக்கப்படாத தடம், உச்சிக்குக் கீழே கோடையிலும் பனித்திட்டு கிடக்கும், மறுபக்கம் டார்வின் பள்ளத்தாக்கின் ஏரிக்கரைகளில் பாறைக்குப் பாறை தாவ வேண்டும். இரண்டு நாளில் சேர்த்துவிடும்தான். சமவெளியிலிருந்து வந்த மறுநாளே அந்த உயரத்துக்குப் பாரம் சுமந்து ஏறினால் தலைவலியும் குமட்டலும் வாந்தியுமாகப் பயணம் அங்கேயே முடிந்துவிடக்கூடும்.

ஆக, என் தேர்வு இது. நான்கு நாள், முதல் முறை: ஹம்ப்ரீஸ். நான்கைந்து நாள், கற்களில் நடந்து பழக்கமுண்டு: டூசி, முடிந்தால் பாலிசேடுக்குள் ஒரு பகல். எவல்யூஷனுக்கு ஒரு வாரமாவது வேண்டும். அந்த ஒரு வாரம் இருந்தால் மூன்றையும் கோத்துவிடலாம் என்பதுதான் வேடிக்கை. நார்த் லேக்கில் தொடங்கி சவுத் லேக்கில் முடியும் ஏறத்தாழ 55 மைல் நடை, ஹம்ப்ரீஸ், எவல்யூஷன், டூசி மூன்றையும் தொடுகிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் இரவுதான் கிடைக்கும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு என்பதால் வண்டிக்கு முன்கூட்டியே வழி செய்துகொள்ள வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை நான் செப்டம்பர் கட்சி. ஜூலைத் தொடக்கத்தில் கணவாய்களில் பனி மிச்சமிருக்கலாம். 2023 போன்ற பெரும்பனி ஆண்டுகளில் அது நெடுநாள் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை உண்டு, திறந்த படுகையில் ஒதுங்க இடம் கிடையாது. செப்டம்பரில் கொசு போயிருக்கும். இரவில் தண்ணீர்ப் புட்டி உறையலாம், காட்டுத்தீப் புகை வந்து காட்சியை மறைக்கவும் கூடும்.

அனுமதிச் சீட்டு, நடை தொடங்கும் இடத்தையும் தேதியையும் பொறுத்தது. பியூட் கணவாய், லமார்க் ஏரிகள் (லமார்க் கணவாய்க்குப் போகும் வழி), பிஷப் கணவாய் மூன்றுக்கும் தனித்தனி ஒதுக்கீடு. இன்யோ தேசிய வனத்துறை 60 சதவீதத்தை ஆறு மாதத்துக்கு முன்பும், மீதி 40 சதவீதத்தை இரண்டு வாரத்துக்கு முன்பும் இணையத்தில் திறக்கிறது. பிஷப் கணவாய்க்குப் போட்டி அதிகம். அது கிடைக்காவிட்டால் சோர்ந்துபோகாமல் அதே தேதிக்கு பியூட் கணவாயைத் தேடிப் பாருங்கள். வார நடுவில் கிளம்பினால் வாய்ப்பு இன்னும் கூடும்.