பேனரில் '5ஜி டேப்லெட்' என்று இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்: கோத்தகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் பிள்ளைகளுக்குப் புது டேப்லெட் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ எழுதப்போவதில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. பெயர் தெரியாததால் உங்களுக்கு நஷ்டமும் இல்லை. இதே வித்தையை வேறு வேறு பெயர் போட்ட பெட்டிகளிலும் பார்த்துவிட்டேன்.

என் மகள் பிளஸ் ஒன். சாயங்காலம் கோவையில் இருந்து ஒரு சார் ஆன்லைனில் இயற்பியல் எடுக்கிறார். எங்கள் வீட்டுக்கு கேபிள் இன்டர்நெட் கிடையாது, வீட்டுக்குள் சமையலறை ஜன்னலோரம் மட்டும் மொபைல் சிக்னல் ஒழுங்காக வரும். அதனால் எனக்குத் தேவைப்பட்டது சிம் போடுகிற டேப்லெட். இதைக் கடையில் நுழைந்ததுமே சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கடை வாசலில் ஆளுயர பேனர். '5ஜி டேப்லெட்! 12 ஜிபி ரேம்! 33 வாட்ஸ் ஃபாஸ்ட் சார்ஜிங்! ஃபுல் எச்டி!' அடித்துக் காட்டிய விலை 32,999, அறிமுக விலை 17,999, அதுவும் 'முதல் 50 பேருக்கு மட்டும்'. அதற்கு முந்தின வாரமே சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த பேனரின் போட்டோ சுற்ற ஆரம்பித்துவிட்டது. மச்சான் ஒருத்தர் 'இந்த விலைக்கு 5ஜியா, விடாதீங்க' என்று போட்டார். கூடவே யூடியூபில் நாலைந்து பேர், எல்லோரும் ஒரே நாளில், ஒரே மாதிரி பெட்டியைப் பிரித்து, ஒரே வரியைச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தர்கூட அதில் ஒரு சிம்மைச் செருகிக் காட்டவில்லை என்பதை அப்புறம் திரும்பப் போட்டுப் பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

கடையில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"தம்பி, இதுல சிம் போடலாம்ல? வீட்ல வைஃபை இல்ல."

"போடலாங்ணா. 5ஜி டேபுங்ணா இது. ஜியோ, ஏர்டெல் எது வேணா ஓடும்."

"பிரிச்சுக் காட்டேன்."

"கம்பெனி சீலுங்ணா. பில் போட்ட அப்புறம்தான் பிரிக்க முடியும். டிஸ்ப்ளே பீஸ் இருக்குங்ளே, அதப் பாருங்ணா."

டிஸ்ப்ளே பீஸ் ஒரு ஸ்டாண்டில் ஒயரோடு பூட்டிக் கிடந்தது. திரை மட்டும் கண்ணுக்குத் தெரியும், விளிம்பு நாலும் பிளாஸ்டிக் சட்டத்துக்குள். சிம் துளை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே முடியாது.

வீட்டுக்கு வந்து பிரித்தோம். கூடவே ஒரு பின் கொடுத்திருந்தார்கள். ஓரத்துத் துளையில் குத்தியதும் சின்ன டிரே வெளியே வந்தது. அதில் ஒரே ஒரு பள்ளம், மெமரி கார்டு அளவுக்கு. சிம்முக்கு இடமே இல்லை. மகள் டிரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்திலும் எதுவும் இல்லை. பெட்டியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: முன்பக்கம் கட்டை விரல் உயரத்துக்கு '5ஜி', அதன் காலடியில் வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸில் 'வைஃபை'.

என்ன நடக்கிறது என்றால், வைஃபை மோடங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்யும். இந்த இரண்டாவதைத்தான் பெட்டியில் '5ஜி வைஃபை' என்று எழுதுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒன்றும் புதுசு இல்லை, 802.11ஏ என்ற பெயரில் 1999-லேயே வந்த தரம். செல்போன் டவரில் இருந்து வரும் 5ஜி சேவை இந்தியாவில் தொடங்கியது 2022 அக்டோபர் 1-ம் தேதி. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இன்னொரு வேடிக்கை, 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4-ஐ விடச் சுவரைத் தாண்டுவதில் சோப்ளாங்கி. எங்கள் ஊர்ப் பழைய கல் வீடுகளில் ஒரு அறைக்கு அடுத்த அறைக்கே நொண்டும்.

இப்போது என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் மகள் கிளாஸ் பார்க்கிறாள். நான் வெளியே கிளம்பினால் கிளாஸும் என்னோடு கிளம்பிவிடும்.

சரி, அந்த ஒன்றுதான் பொய்யா என்று மற்றதையும் நோண்டினேன். ரேம் என்பது ஆப்கள் ஓடும்போது பயன்படுத்துகிற வேகமான நினைவகம். பேனரில் போட்ட 12 ஜிபி என்பது 4 கூட்டல் 8. நிஜமான ரேம் 4 ஜிபி. மீதி 8, படம் பாட்டு வைக்கிற ஸ்டோரேஜில் இருந்து ஒதுக்கிக்கொள்வது. 'விர்ச்சுவல் ரேம்' என்று இதற்குப் பெயர். ஸ்டோரேஜ் சிப், ரேமை விடப் பல மடங்கு மெதுவானது. ரேஷன் அரிசியில் கல்லையும் சேர்த்து நிறுத்துப் போடுகிற கதைதான். கிளாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சார் அனுப்பின பிடிஎஃப் நோட்ஸைத் திறந்தால் வீடியோ உறைந்து நிற்கிறது, சாரின் வாய் மட்டும் பாதி திறந்தபடி. செட்டிங்ஸில் 'மெமரி எக்ஸ்டென்ஷன்' என்பது போல ஒரு பட்டன் இருந்தால் அதை அணைத்துவிட்டு ரேம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரேம்.

சார்ஜர் விஷயம் இதைவிட அழகு. பேனரில் 33 வாட்ஸ். பெட்டிக்குள் இருந்த சார்ஜரின் வயிற்றில் பொடி எழுத்தில் 'அவுட்புட் 5 வோல்ட், 2 ஆம்பியர்' என்று போட்டிருக்கிறது. ஐந்தை இரண்டால் பெருக்கினால் 10 வாட்ஸ். 33 வாட்ஸை டேப்லெட் 'ஏற்றுக்கொள்ளுமாம்', அந்த சார்ஜரை நாம் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போய், ராத்திரி எப்போதோ வந்துபோகிற ஊரில் இந்த வித்தியாசம் சாதாரணமில்லை. ஃபுல் எச்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: திரை 1280-க்கு 800 புள்ளிகள், ஃபுல் எச்டிக்கு 1920-க்கு 1080 வேண்டும். 'ஃபுல் எச்டி வீடியோவை ஓட்டும்' என்பதுதான் அர்த்தமாம். ஓட்டும், ஆனால் காட்டாது.

கம்பெனி கஸ்டமர் கேரில் பேசிய பெண், "அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா சிம் சப்போர்ட் ஆகிடும் சார்" என்றார். சிம் போடத் துளையே இல்லையேம்மா, அப்டேட் வந்து துளை போடுமா என்று கேட்டேன். "கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போங்க சார்" என்று வைத்துவிட்டார். மலை இறங்கி மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து காந்திபுரம். இதை ஒரு பதிலாக நினைத்துத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் பேக்கரியில் இந்தக் கதையைச் சொன்னபோது ஆளுக்கொரு தினுசாகப் பேசினார்கள். பாதிப் பேருக்கு இது கோபப்படும் விஷயமாகவே படவில்லை. "விளம்பரம்னா அப்படித்தான் இருக்கும்" என்று பன்னை டீயில் நனைத்தார்கள். ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர் ஆகாஷை நினைவுபடுத்தினார். 2011 அக்டோபரில் டெல்லியில் அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் வெளியிட்டாரே, உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று. ஊரெல்லாம் அதே பேச்சு. உள்ளே 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், நகத்தால் அழுத்தினால்தான் கேட்கிற திரை. கடையில் விற்கிற பதிப்புக்குப் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். ஆனால் வாத்தியார் ஒன்று சொன்னார், அது நியாயம்: "அதுல என்ன இருக்குன்னு எழுதினது எல்லாம் உண்மைப்பா. நம்மதான் அதுக்கு மேல கற்பனை பண்ணிக்கிட்டோம். உன்னோடது அப்படியில்ல, இது ஏமாத்து வேலை."

குன்னூரில் டிசைன் வேலை பார்க்கிற என் தம்பி முறைப் பையன் வேறொன்றை எடுத்தான். 2024 மே மாதம் ஆப்பிள் புது ஐபேட் ப்ரோவுக்கு ஒரு விளம்பரம் விட்டது. பியானோ, கிடார், பெயிண்ட் டப்பா, கேமரா எல்லாவற்றையும் ராட்சத பிரஸ்ஸில் வைத்து நசுக்கினால் கடைசியில் மெல்லிய டேப்லெட் வருவது போல. உலகம் முழுக்கக் கலைஞர்கள் கொதித்துப் போனார்கள். இரண்டே நாளில் கம்பெனி வருத்தம் தெரிவித்து, டிவியில் போடும் திட்டத்தையும் கைவிட்டது. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. அந்த விளம்பரம் ரசனை கெட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் பொய் இல்லை, டேப்லெட் மெல்லியதுதான். மனதைப் புண்படுத்தினால் ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள். வாட்ஸ் கணக்கில் ஏமாற்றினால் 'சகஜம்' என்று போய்விடுகிறார்கள். பேனர் போடுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

அறிமுக விலை அவசரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்பி கம்பெனி 2011 ஜூலையில் டச்பேட் என்ற டேப்லெட்டை 499 டாலருக்கு ஆரவாரமாக இறக்கியது. வாங்க ஆளில்லை. ஆகஸ்ட் மாதமே கடையைக் கட்டிக்கொண்டு, மிச்சத்தை 99 டாலருக்குத் தள்ளிவிட்டது. அப்போதுதான் ஜனம் முண்டியடித்தது. முதல் வாரத்தில் வாங்காதவனுக்கு எந்த நஷ்டமும் வரவில்லை. நம்ம ஊர் 'முதல் 50 பேருக்கு' பேனர் செப்டம்பர் மழையில் சாயம் போய் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. ஐம்பதாவது ஆள் இன்னும் வரவில்லை போல.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள், பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். சிம் போடுகிற எந்தக் கருவிக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு, அதைப் பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். அந்த எண் இல்லையா, சிம்மும் இல்லை. சீல் பிரிக்காமலே இதைப் பார்த்துவிடலாம், கடைப் பையன் என்ன சொன்னாலும் சரி. அதே ஸ்டிக்கரில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, அதிகபட்ச விலை, புகாருக்கான எண் எல்லாம் இருக்க வேண்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் வேண்டும், அதை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுச் சரிபார்க்கலாம்.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். எனக்கு முதலில் 'எஸ்டிமேட்' என்று ஒரு துண்டுச் சீட்டைத்தான் நீட்டினார்கள். ஜிஎஸ்டி பில் வேண்டும் என்று நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்கள், பொருள் பெயருக்கு நேராக 'டேப் 5ஜி' என்று அவர்களே அடித்திருக்கிறார்கள். இன்றைக்கு என் கையில் இருக்கிற பெரிய சாட்சி அதுதான். இன்னொரு சாட்சி மச்சான் குரூப்பில் போட்ட பேனர் போட்டோ.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "பிரிச்ச பெட்டிய வாங்க மாட்டோங்ணா, வைஃபை 5ஜின்னுதான் போட்டிருக்கு, நீங்கதான் பாக்கல" என்றார் முதலாளி. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைத் தட்டிக் காட்டினார். அந்த வரியைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அதே கணக்குதான். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும், விளம்பரத்தில் வந்து புகழ்ந்தவருக்கும் சேர்த்து.

நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தேன். தமிழில் பேசலாம், பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, கம்பெனிக்கு அனுப்பிச் சமரசம் பேசுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புகார் எண் கைக்கு வந்ததும் கடைக்காரரின் குரல் மாறியது. ஒரு ஹெட்போனும் ரெண்டாயிரம் ரூபாயும் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியும் போடலாம், சிக்னல் இருந்தால்.

அதே பேனரைப் பார்த்து வாங்கியவர்கள் இந்தப் பக்கம் இன்னும் பலர் இருக்கிறார்கள், ரெண்டு பேரை எனக்கே தெரியும். பெட்டியையும் சார்ஜரையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மனு கொடுக்க இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. பேனர் போட்டோ இல்லாதவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.