டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உயில் எழுதக் கொடுத்தோம்: டிரஸ்ட் வேண்டாம் என்ற வழக்கறிஞர்

மாமனார் காலமான பன்னிரண்டாம் நாள், கருமாதிச் சாமான் வாங்கப் போன கடையில் அத்தையின் கார்டு வேலை செய்யவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, அத்தை மறுபடியும் மறுபடியும் நம்பரை அழுத்திவிட்டு, தப்பாகப் போடுகிறேனோ என்று என் முகத்தைப் பார்க்கிறார். நம்பர் சரிதான். கணக்கு மாமா பெயரில் இருந்தது, அவர் இறந்த செய்தி வங்கிக்குத் தெரிந்ததும் முடக்கிவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர் கையில் அன்றைக்கு நானூறு ராண்டுகூட இல்லை.

மாமாவின் சொத்து விவகாரம் முடிய இரண்டு வருடம் நான்கு மாதம் ஆனது. தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் பதினான்கு நாளுக்குள் மாஸ்டர் அலுவலகத்தில் (இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) தெரிவிக்க வேண்டும். சொத்து 250,000 ராண்டுக்குள் இருந்தால் சுருக்கமான வழி உண்டு, ஆனால் இன்றைக்கு எந்த வீடு அதற்குள் அடங்கும்? அதற்கு மேல் போனால் எக்ஸிக்யூட்டரை, அதாவது கடனை அடைத்துச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளரை, நியமிக்க வேண்டும், அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம், கடன் கொடுத்தவர்கள் வந்து கேட்க முப்பது நாள், பிறகு கணக்கு எழுதி மாஸ்டரிடம் ஒப்புதல், அதை யாரும் பார்க்க வசதியாக இருபத்தொரு நாள் வைத்திருக்க வேண்டும். எங்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை, வீட்டுப் பத்திரத்தில் மாமா பெயரின் எழுத்து ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம். இந்த ஊரில் கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், எழுத்தர் காதில் விழுந்ததுதான் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்து அது ஏற்கப்படுவதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிட்டது.

இதையெல்லாம் பார்த்த என் வீட்டுக்காரர், நமக்கு இந்த அலைச்சலே வரக்கூடாது என்று அமெரிக்க வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தார். உயிரோடு இருக்கும்போதே ஒரு டிரஸ்ட் (குடும்பத்துக்காகச் சொத்தைத் தனியாக வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு) வைத்து வீட்டை அதில் போட்டால் நீதிமன்றம் பக்கமே போக வேண்டாம் என்று அவற்றில் சொல்கிறார்கள். அந்த எண்ணத்தோடுதான் சாட்ஸ்வொர்த்தில் உள்ள இந்தச் சின்ன வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனோம். டிரஸ்ட் விற்றிருந்தால் அந்த வழக்கறிஞர் அம்மா எங்களிடம் பல மடங்கு வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து காரணம் சொன்னார். அமெரிக்காவில் கணவன் மனைவி இருவர் பெயரில் வீடு இருந்தால், ஒருவர் போனதும் மற்றவருக்குத் தானாகப் போகிற ஏற்பாடு உண்டு, வங்கிக் கணக்கிலேயே "எனக்குப் பிறகு இவருக்கு" என்று எழுதி வைக்கலாம். இங்கே அப்படி இல்லை. இருவர் பெயரில் வீடு இருந்தாலும் இறந்தவரின் பாதி அவருடைய சொத்தில்தான் சேரும். டிரஸ்ட் இங்கேயும் வைக்கலாம், அதற்குள் போன வீட்டுக்கு எக்ஸிக்யூட்டர் தேவையில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த டிரஸ்டையே மாஸ்டரிடம் பதிவு செய்ய வேண்டும், வீட்டை மாற்றும்போது பெயர் மாற்றத்துக்கான வரி, மூலதன ஆதாய வரி எல்லாம் பார்க்க வேண்டும், குடியிருக்கும் வீட்டுக்கு உள்ள ஆதாய வரிச் சலுகை டிரஸ்டுக்குக் கிடைக்காது, டிரஸ்டிலேயே தங்கும் வருமானத்துக்கு 45 சதவீத வரி, வருடாவருடம் கணக்கு. எஸ்டேட் வரி, அதாவது இறந்தவர் சொத்துக்கான வரி, 3.5 மில்லியன் ராண்டுக்கு மேல்தான், மனைவிக்குப் போகிற பங்குக்கு அதுவும் கிடையாது. உங்களிடம் இருப்பது ஒரு வீடு, ஒரு கார், கொஞ்சம் சேமிப்பு, இதற்கு எதற்கு டிரஸ்ட் என்று நேராகவே கேட்டார்.

அதற்குப் பதில் அவர் சொன்னது, கணக்கு முடங்கிக் கிடக்கும் மாதங்களில் குடும்பம் சாப்பிட என்ன வழி என்று முதலில் பாருங்கள் என்பது. ஆயுள் காப்பீட்டில் வாரிசுப் பெயர் போட்டிருந்தால் பணம் நேராக அவர் கைக்கு வந்துவிடும், எக்ஸிக்யூட்டர் கட்டணமும் அதில் பிடிக்க மாட்டார்கள் (எஸ்டேட் வரிக் கணக்கில் மட்டும் சேரும்). என் வீட்டுக்காரரின் பாலிசியை எடுத்துப் பார்த்தால் வாரிசு இடத்தில் இன்னும் மாமா பெயர்! அன்றைக்கே மாற்றினோம். ஓய்வூதிய நிதியும் சொத்தில் சேராது, ஆனால் அதில் நாம் எழுதிய பெயர் முடிவானதல்ல, யார் யார் இவரை நம்பி வாழ்ந்தார்கள் என்று விசாரித்து நிதியின் டிரஸ்டிகள் பிரிப்பார்கள், அதற்கு நாளாகும். அதனால் என் பெயரில் தனியாக ஒரு கணக்கு, அதில் ஆறு மாதச் செலவுக்கான பணம். அத்தைக்கும் அப்படியே செய்தோம்.

எக்ஸிக்யூட்டர் கட்டணத்தை அவர் விளக்கிய பிறகுதான் இலவசமாக உயில் எழுதித் தருகிறோம் என்பவர்களின் கணக்கு எனக்குப் புரிந்தது. விதிப்படி மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம், கடனைக் கழிப்பதற்கு முன்னால். 1.4 மில்லியன் ராண்ட் வீட்டுக்கு 49,000, எக்ஸிக்யூட்டர் வாட் பதிவு உள்ளவர் என்றால் அதன்மேல் 15 சதவீத வாட், ஆக 56,350. இலவச உயிலில் பெரும்பாலும் எக்ஸிக்யூட்டராகத் தங்கள் பெயரையே போட்டுக்கொள்வார்கள். இதைப் பேசிக் குறைக்கலாம், உயிலிலேயே எழுதியும் வைக்கலாம். நாங்கள் எழுதி வைத்தோம்.

அத்தை ஒரு உயிலை ஏற்கெனவே எழுதி, பூஜை அறை அலமாரியில் விளக்குத் திரிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். கை நடுங்குகிறது என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது, வீடு மகனுக்கு, நகை மகளுக்கு. வழக்கறிஞர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது யார் கையெழுத்து?" என்றார். என்னுடையது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த நாட்டுச் சட்டப்படி இன்னொருவரின் உயிலைத் தன் கையால் எழுதிக் கொடுத்தவரும், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும், அவர்களுடைய கணவனோ மனைவியோ, அந்த உயிலால் எதையும் பெற முடியாது. வீடு என் வீட்டுக்காரருக்கு. எழுதியது நான். உயிலே இல்லாவிட்டால் மகனாக அவருக்கு வரவேண்டிய பங்கு வரைக்கும் தப்பலாம், மீதிக்கு நீதிமன்றம் போய் வஞ்சகம் இல்லை என்று காட்ட வேண்டும். நல்லது செய்கிறேன் என்று நினைத்து அந்த நான்கு பக்கத்தை எழுதியவள் நான், அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்த ஒன்றைக் கண்டுபிடித்ததற்கே அவர் கேட்ட பணத்தைக் கொடுக்கலாம்.

எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. அவளுக்கென்று பணத்தை அப்படியே எழுதினால் அது மாஸ்டரின் கார்டியன் நிதிக்கு (சிறுவர்களின் பணத்தை அரசு வைத்திருக்கும் நிதி) போய்விடுமாம், அதனால் உயிலுக்குள்ளேயே அவள் பெயரில் ஒரு டிரஸ்ட், நாங்கள் இருவரும் போனால் மட்டும் உயிர் பெறுகிற மாதிரி. வீட்டுக்காரருக்குக் கடைசியில் டிரஸ்டும் கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. வரைவு வர ஏழு வாரம் ஆனது, மூன்று தடவை நானே போன் செய்தேன். வந்த வரைவில் எங்கள் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து தப்பு, அந்தத் தப்பால்தான் நாங்கள் பட்டோம் என்று அவ்வளவு சொல்லியும். கையெழுத்து நாளன்று கண்டுபிடித்து மறுபடி அச்சடித்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அத்தை கையெழுத்துப் போட, அலுவலகத்து ஆட்கள் இருவர் கூடவே நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள், அதை அவசரமில்லாமல் செய்தார்கள். முதல் சந்திப்புக்கு 950 ராண்ட், மூன்று உயிலுக்கும் சேர்த்து 7,200. பணமில்லாதவர்கள் செப்டம்பரில் வழக்கறிஞர் சங்கம் நடத்தும் உயில் வாரத்தைப் பயன்படுத்தலாம், சாதாரண உயிலை இலவசமாக எழுதித் தருகிறார்கள், எக்ஸிக்யூட்டர் இடத்தில் யார் பெயர் என்று மட்டும் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். நாத்தனாரின் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவே இல்லை. அப்படிப்பட்ட மனைவிக்கும் உயில் இல்லாத சொத்தில் உரிமை உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது, இருந்தாலும் கல்யாணம் நடந்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் அவரும் கணவரும் அடுத்த சனிக்கிழமை அதே அலுவலகத்துக்குப் போகிறார்கள். எட்டரைக்கே போய்விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், ஒன்பதுக்கு மேல் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.