உறங்கும் தசையா, செத்த தசையா? எம்.ஆர்.ஐ.யும் மற்ற மூன்று வழிகளும்

ஆஞ்சியோ முடிந்து வெளியே வரும் டாக்டர், "மூணு பிளாக் இருக்கு, பம்பிங் 30தான்" என்கிறார். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் பம்பிங். ஸ்டென்ட்டா, பைபாஸா என்று வீட்டார் பேசி முடிப்பதற்குள் இன்னொரு சீட்டு கைக்கு வருகிறது: வயபிலிட்டி, அதாவது இதயத் தசை உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு டோபுடமின் எக்கோ, தாலியம் ஸ்கேன், பெட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. என நான்கு வழிகள் உண்டு. எது நல்லது என்று கேட்டு வருபவர்கள் அநேகம். இதய எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஞ்சியோ காட்டுவது ரத்தக்குழாயை. அந்தக் குழாய் ஊட்டி வளர்த்த தசை எப்படியிருக்கிறது என்பதை அது காட்டாது. ரத்தம் குறைந்துபோனதால் சுருங்குவதை நிறுத்திவிட்டு, உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் தசை உண்டு. அதை உறங்கும் தசை என்கிறோம். ரத்தம் திரும்பினால் அது விழித்துக்கொள்ளக்கூடும். மாரடைப்பில் செத்துத் தழும்பாகிவிட்ட தசை விழிக்காது. சாதாரண எக்கோவில் இரண்டுமே அசையாத சுவராகத்தான் தெரியும்.

நான்கில் செலவு குறைந்தது டோபுடமின் எக்கோ. கதிர்வீச்சும் இல்லை. இதயத்தைத் தூண்டும் டோபுடமின் மருந்தைச் சிறிய அளவில் ஏற்றி, அசையாத சுவர் அசைகிறதா என்று பார்ப்பார்கள். அசைந்தால் நம்பலாம். அசையாவிட்டால்தான் சிக்கல்: நெடுநாள் பட்டினியில் சுருங்கும் இழைகளையே இழந்துவிட்ட தசை, உயிரோடிருந்தும் மருந்துக்கு எழுந்திருக்காது. தாலியம், டெக்னீசியம் ஸ்கேன்கள் (இவற்றைத்தான் ஸ்பெக்ட் என்பார்கள்) அப்படிப்பட்ட தசையையும் பெரும்பாலும் கண்டுகொள்ளும். உயிருள்ள செல் அந்த மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் படம் மங்கல். ஏறக்குறைய 1 செ.மீ. அளவுக்குக் கீழே எதையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது. இதயச் சுவரின் மொத்தத் தடிமனே அவ்வளவுதான்.

பெட் ஸ்கேனை நான் மதிக்கிறேன். தசை சர்க்கரையை உண்கிறதா என்று அது நேரடியாகக் காட்டுகிறது. ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் சர்க்கரை மட்டும் ஏறினால், அங்கே தசை உறங்குகிறது என்று பொருள். உறங்கும் தசையைத் தவறவிடாமல் பிடிப்பதில் அதற்குப் பெரிய பெயர். ஆனால் நீரிழிவுக்காரர்களுக்கு இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துத் தயார்செய்வது பெரும்பாடு. நம் ஊரில் மூன்று பிளாக்கோடு வருபவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப்பாருங்கள்.

எம்.ஆர்.ஐ. எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: செத்ததை எண்ணுகிறது. கையில் ஏற்றும் கடோலினியம் என்ற சாய மருந்து உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. தழும்பில் செல்களுக்குப் பதில் நாரும் இடைவெளியும்தான் இருப்பதால், அங்கே நிறையத் தேங்கி, மெதுவாக வடியும். சுமார் 10 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல தசை கறுப்பு, தழும்பு வெள்ளை. ஒரு பிக்சல் 1.5 முதல் 2 மி.மீ. என்பதால், சுவரின் உட்புறம் மட்டும் செத்திருந்தாலும் அது கோடு போட்டதுபோல் தெரியும். 2003இல் வந்த ஓர் ஆய்வில், எம்.ஆர்.ஐ. காட்டிய இத்தகைய உட்புறத் தழும்புள்ள பாகங்களில் 47 சதவீதத்தை ஸ்பெக்ட் ஸ்கேன் தவறவிட்டது.

2000ஆம் ஆண்டில் சிகாகோவில் கிம், ஜட் குழுவினர் 50 நோயாளிகளிடம் செய்த ஆய்வுதான் எங்கள் துறைக்கு அடித்தளம். அடைப்பைச் சரிசெய்தபின், முன்பு சரியாக அசையாதிருந்த பாகங்களில் வெள்ளையே இல்லாதவற்றில் 78 சதவீதம் தேறின. சுவரின் முக்கால் பங்குக்கு மேல் வெளுத்திருந்த 58 பாகங்களில் தேறியது ஒன்றே ஒன்று.

என்னை இன்றும் வியக்க வைப்பது வேறோர் ஆய்வு. சுவர் மெலிந்துவிட்டால் அது தழும்புதான், கைவிட வேண்டியதுதான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். 2013இல் வெளியான அந்த எம்.ஆர்.ஐ. ஆய்வு, மெலிந்த பகுதிகளில் 18 சதவீதத்தில் தழும்பு அதிகமில்லை என்று காட்டியது. அப்படிப்பட்ட சுவர்கள், ரத்த ஓட்டம் சீரானபின் சராசரியாக 4.4 மி.மீ.யிலிருந்து 7.5 மி.மீ.க்குத் தடித்தன. எக்கோவை மட்டும் பார்த்துக் கைவிட்டிருந்தால் அந்தத் தசைக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது.

எம்.ஆர்.ஐ.க்குக் குறைகளும் உண்டு. முக்கால் மணி நேரம் குழாய்க்குள் படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்க வேண்டும். மூச்சிரைக்கும் நோயாளிக்கு அது வதை. துடிப்பு தாறுமாறாக இருந்தால் படம் கலங்கிவிடும். பழைய பேஸ்மேக்கர் சிலவற்றோடு உள்ளே அனுப்ப முடியாது. சிறுநீரகம் மிகவும் கெட்டிருந்தால் எந்தக் கடோலினியம் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். புதிதாக மாரடைப்பு வந்தவர்களிடம் வீக்கமும் சேர்ந்து வெளுத்து, தழும்பைப் பெரிதாகக் காட்டும். இவர்களில் பலருக்கு நானே பெட் ஸ்கேனோ எக்கோவோ பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. தசை உயிரோடிருக்கிறது என்று தெரிந்தால் அடைப்பை நீக்கியே தீர வேண்டுமா? பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களிடம் பைபாஸைச் சோதித்த ஸ்டிச் ஆய்வில், 10 ஆண்டு முடிவில் பைபாஸ் செய்தவர்களில் 58.9 சதவீதமும் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 66.1 சதவீதமும் இறந்திருந்தனர். ஆனால் அந்தப் பலன் உயிருள்ள தசை இருந்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அங்கே தசையைப் பார்த்தது ஸ்பெக்டும் டோபுடமின் எக்கோவும், எம்.ஆர்.ஐ. பார்த்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று நாங்கள் வாதாடினோம். 2022இல் பிரிட்டனின் ரிவைவ்டு ஆய்வு வந்தது. எம்.ஆர்.ஐ.யும் அதில் இருந்தது, 700 பேருக்கும் உயிருள்ள தசை இருந்தது. இறப்பு அல்லது இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது, ஸ்டென்ட் வைத்தவர்களில் 37.2 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 38.0. அடுத்த ஆண்டு வந்த துணை அலசலில், உயிருள்ள தசையின் அளவு யாருக்கு ஸ்டென்ட் உதவும் என்பதைச் சொல்லவில்லை. தழும்பின் அளவோ, யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதைச் சொன்னது.

அதன்பின் என் அறிக்கைகளில் 'உயிருள்ளது', 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதை விட்டுவிட்டேன். இதயத்தின் 17 பாகங்களுக்கும் தழும்பு எத்தனை சதவீதத் தடிமன் என்று எழுதுகிறேன். பைபாஸ் சர்ஜன் எந்தக் குழாய்க்கு ஒட்டுப்போடுவது என்று யோசிக்கும்போது முதலில் தேடுவதும் அந்தப் பட்டியலைத்தான்.