எச்சரிக்கை: லேத்துல ஆக்சில் கடைய ஆன்லைன்ல சென்டர், ஸ்டெடி, சக்கு செட் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் பணம் போடுங்க. ரூ. 46,500 போச்சு

ரூ. 46,500. பழைய மிஷினரி, டூல்ஸ் விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல, பேருக்குப் பக்கத்துல பச்சை டிக் போட்ட ஒரு வியாபாரிகிட்ட எங்க லேத்துக்கு வாங்கி ஏமாந்தது. புகார் போயிருக்கு, அதனால தளத்தோட பேரும் ஆளோட பேரும் இங்க வேணாம். வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம், திருவொற்றியூர்னு லேத்து வச்சிருக்கிறவங்க யாராவது இந்நேரம் அதே விளம்பரத்தைப் பாத்துட்டு இருக்கலாம், அதான் சூடு ஆறுறதுக்குள்ள எழுதுறோம். வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசியில ஒண்ணு விடாம சொல்றோம். முதல்ல விஷயத்துக்கு வரோம்.

மணலி பக்கம் ஒரு ஆலைக்கு, தண்டவாளத்துல ஓடுற டிரான்ஸ்ஃபர் டிராலிக்கு நாலு ஆக்சில். ஈஎன் 8 ஸ்டீல், 70 மி.மீ. ரவுண்டு, நீளம் 1650 மி.மீ. விட்டத்தை விட்டத்தால பெருக்கி 162-ஆல வகுத்தா மீட்டருக்கு 30 கிலோ சொச்சம், ஆக ஒரு பீஸ் 50 கிலோ. ரெண்டு முனையிலயும் 6310 பேரிங் உக்கார 50 மி.மீ. சீட், அளவு வரம்பு கே6. அதாவது பிளஸ் 2 மைக்ரான்ல இருந்து பிளஸ் 18 மைக்ரானுக்குள்ள நிக்கணும் (மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதுக்கு உள்பக்கம் 65-ல வீல் சீட். பேரிங் சீட்டை ஆதாரமா வச்சு வீல் சீட்ல டயல் (அசைவை முள்ளுல காட்டுற கேஜ்) ஓட்டினா அவுட், அதாவது சுத்தும்போது வர்ற ஆட்டம், 0.03 மி.மீ.-க்கு மேல கூடாது. நீளம் விட்டத்தை விட 23 மடங்குக்கு மேல. பத்து பன்னிரண்டு மடங்கைத் தாண்டினாலே நடுவுல தாங்குற ஸ்டெடி இல்லாம இந்த ஜாப் (கடையுற பீஸ்) நிக்காது, டூல் பட்டதும் வளைஞ்சு விலகும், நடுப்பகுதி பெருத்துப் போகும். அதுக்காகத்தான் இந்த செட்: ஜாப்போட முனையைத் தாங்கி கூடவே சுத்துற ஹெவி ரிவால்விங் சென்டர் (மோர்ஸ் 5-ங்கிறது அதோட டேப்பர் சைஸ்), ஸ்டெடி ரெஸ்ட், ஜாப்பை நாலு ஜாவால கடிச்சுப் பிடிக்கிற 315 மி.மீ. சக்கு. மூணும் சேத்து ரூ. 46,500.

விளம்பரத்தைப் பாத்து யாரும் மயங்கல. ஆளு பேசின பேச்சுலதான் விஷயமே. போன் எடுத்ததும் விலை பேசல, "அண்ணே, ஜாப் எத்தனை கிலோ?"ன்னு கேட்டான். 50 கிலோன்னதும், "அப்ப மோர்ஸ் 4 வேணாம்ணே, 5 போடுங்க. முன்னாடி ஆங்குலர் காண்டாக்ட், அடுத்து திரஸ்ட், பின்னாடி நீடில், மூணு பேரிங்கும் உள்ள இருக்கு"ன்னான். அடுத்து, சென்டர் உக்கார்ற டெயில் ஸ்டாக் பத்திக் கேட்ட கேள்விதான் எங்களை சாச்சது. "டெயில் ஸ்டாக்கை சைடுல மட்டும் டயல் வச்சுப் பாத்தீங்களாண்ணே, மேலயும் வச்சு ஹைட் பாத்தீங்களா?" லேத்து முன்னாடி வருஷக்கணக்கா நின்னவன்தான் இதைக் கேப்பான். திருடனுக்கு இவ்வளவு தொழில் தெரியும்னு யாரு நினைப்பா?

அப்புறம் வீடியோ கால். மேக்னட் ஸ்டாண்டுல டயல் வச்சு, சென்டரைக் கையால சுத்திக் காட்டினான். முள்ளு அரை டிவிஷன்கூட அசையல. "பாருங்கண்ணே, அஞ்சு மைக்ரான்கூட இல்ல." இப்ப அந்த ரெக்கார்டிங்கை நிறுத்தி நிறுத்திப் பாத்தா வயிறு எரியுது. டயலோட பிளஞ்சர் (தொடுற குச்சி) சென்டரோட சுத்துற கூர்முனையான கோன் மேல இல்ல. கோனுக்குப் பின்னாடி சுத்தாத பாடி மேல உக்காந்திருக்கு. சுத்தாத இரும்புல டயல் வச்சா முள்ளு எப்படி அசையும்? வேஸ்ட் துணியும் அவன் விரலும் சரியா அந்த இடத்தை மறைச்சிருக்கு. தற்செயலாவா மறைக்கும்?

பணத்துல தளத்துக்கு ரூ. 20,000. மீதி ரூ. 26,500 சரக்கு லாரியில ஏறினதும் அவனோட யூபிஐக்கு. "முழுசா அங்க கட்டினா அவங்க கமிஷனும் உங்க தலையிலதான்ணே விழும்"னு ஒரு கரிசனம் வேற. லாரி ரசீது போட்டோ வந்துச்சு, பணம் போச்சு. ஜிஎஸ்டி பில் பின்னாடியே வருதுன்னான். இன்னும் வந்துட்டேதான் இருக்கு.

மாதவரம் பார்சல் ஆபீஸ்ல எடுத்தப்போ சாக்குக்குள்ள எல்லாமே கிரீஸ்ல முங்கி இருந்துச்சு. துரு பிடிக்காம பத்திரமா வச்சிருக்கான்னு தோணும். அந்த கிரீஸ் பூசினது மறைக்கிறதுக்கு.

முதல் ஆக்சில் ரெண்டு முனையும் முடிச்சு, ரெண்டு டெட் சென்டருக்கு (சுத்தாத சென்டர்) நடுவுல தூக்கி டயல் வச்சா பேரிங் சீட் 0.07 அவுட் அடிக்குது. மைக்ரோமீட்டர்ல விட்டம் சரி, ரவுண்டும் சரி. ஆனா முனையில சென்டர் உக்கார்ற குழி, அதாவது சென்டர் ஓட்டையைப் பொறுத்து சீட்டே தள்ளி உக்காந்திருக்கு. திருப்பிப் போட்டுக் கடைஞ்ச அடுத்த முனை வேற திசையில தள்ளி. ரெண்டு சீட்டும் ஒரே கோட்டுல இல்லைன்னா ஆக்சில் செத்த மாதிரிதான். வெல்டிங் போட்டு நிரப்பிக் கடைய ஆலைக்காரங்க ஒத்துக்கல. 50 கிலோ ஈஎன் 8 ஸ்கிராப்.

போன் போட்டதும் முதல் சாக்கு: "அண்ணே, உங்க டெயில் ஸ்டாக் ஆஃப்செட் ஆயிருக்கும், அதை சரி பண்ணுங்க." இது தெரிஞ்சே சொன்ன பொய். புதுசா லேத்து பழகுறவங்க இந்த இடத்தைக் கவனமாப் படிங்க, ஏன்னா இந்த ஒரு சாக்கை வச்சே பல பேரை மடக்குறாங்க. டெயில் ஸ்டாக் பக்கவாட்டுல தள்ளியிருந்தா டேப்பர்தான் (ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்து) வரும், அவுட் வராது. 0.02 தள்ளியிருந்தா முழு நீளத்துல விட்டம் 0.04 மாறும். ஆனா எந்த இடத்துல டயல் வச்சாலும் முள்ளு அசையாம நிக்கும். எங்க ஆக்சில்ல டேப்பர் 0.01 மட்டும். அவுட் வரணும்னா ஜாப்போட சேந்து சுத்துற ஒண்ணு கோணலா இருக்கணும். ஸ்பிண்டில் பக்கம் சாஃப்ட் சென்டர், சக்குல பிடிச்சு அங்கேயே 60 டிகிரிக்குக் கடைஞ்சது, அதைக் கழட்டாத வரைக்கும் அதுல அவுட்டுக்கு இடமே இல்ல. மிச்சம் சுத்துறது ரிவால்விங் சென்டரோட கோன் ஒண்ணுதான். கோன் ஆடினா ஆக்சில் முனையும் கூடவே வட்டம் போடும், டூல் அந்தத் தப்பான வட்டத்தை நம்பிக் கடையும். சுத்தாத டெட் சென்டர் கொஞ்சம் கோணலா இருந்தாக்கூட வரக்கூடியது டேப்பர்தான்.

டயலை கோனோட சாய்வுக்கு நேர் குத்தா வச்சுப் பாத்தோம்: 0.07. அடியில கட்டையைக் கொடுத்து நெம்பினா முள்ளு மேற்கொண்டு 0.12 ஏறி இறங்குது, அது பேரிங் ஆட்டம். சென்டரோட வால்பக்க மோர்ஸ் டேப்பர்ல, எங்க ஒட்டுதுன்னு பாக்க புளூ மை தடவி ஸ்லீவ்ல சொருகிக் கால் சுத்து திருப்பி எடுத்தா, வாய்ப்பக்கம் ஒரு இன்ச்சுக்குத்தான் ஒட்டியிருக்கு. முழு நீளத்துக்கும் ஒட்டணும். கிரைண்டிங் பாக்காத டேப்பர், லேத்துல கடைஞ்சு எமரி போட்டது.

இதைச் சொன்னதும் "அண்ணே" போய் "சார்" ஆச்சு. "கிரீஸ் இறுகியிருக்கும் சார், ரெண்டு மணி நேரம் ஓட்டுங்க, செட் ஆயிடும்." ஓட்ட ஓட்ட சரியாகிற பேரிங்கை உலகத்துல யாராவது பாத்திருக்கீங்களா? அப்புறம், "நீங்க ஓவரா டைட் பண்ணியிருக்கீங்க." திருப்பி எடுத்துக்கன்னதுக்கு பதிலே இல்ல. அதுக்கப்புறம்தான் பின் மூடியைக் கழட்டினோம். அவன் சொன்ன மூணு பேரிங் எங்க? ரெண்டு சாதா பால் பேரிங், ஒண்ணுக்கு ஷீல்டு இருக்கு, இன்னொண்ணுக்கு இல்ல. திரஸ்ட் இருக்க வேண்டிய இடத்துல ஒரு புஷ். நீடில் கிடையவே கிடையாது. போட்டோ அனுப்பினதும் வந்த பதில்: "திறந்துட்டீங்க, வாரன்டி போச்சு." அதோட பிளாக்.

தளத்துக்காரங்க அதுக்கும் மேல. புகார் எண் கொடுத்தாங்க, 'விற்பனையாளருடன் பேசித் தீர்த்துக்கொள்ளவும்'னு மூடினாங்க. மறுபடி திறந்தா ரூ. 26,500 எங்க மூலமா வரல, அது உங்களுக்கும் அவருக்கும் நடுவுலன்னாங்க. மிச்சம் ரூ. 20,000? பொருள் டெலிவரி ஆயிடுச்சாம். பச்சை டிக் யாரு கொடுத்தது, எதைப் பாத்து கொடுத்ததுன்னு கேட்டா லைன்ல பாட்டு ஓடுது.

ஸ்டெடி தனிக் கூத்து. அடிப்பக்க வி பள்ளம் லேத்து பெட் மேல உக்காரவே இல்ல, ஒரு பக்கம் இடைவெளி பாக்கிற ஃபீலர் கேஜ் 0.3 உள்ள போகுது. கிளாம்பை முறுக்கினா ஸ்டெடி திரும்பி ஆக்சிலை 0.2 பக்கவாட்டுல தள்ளுது. ஜா முனையில வெண்கலம்னு சொன்னது வெண்கலக் கலர் பெயிண்ட். சுரண்டினா உள்ள எம்எஸ் (சாதா இரும்பு), அரை மணியில ஜாப்ல கோடு விழுந்துடும். இந்த மாதிரி ஸ்டெடியை வச்சு ஆக்சில் முனையில சென்டர் டிரில் போட்டா ஓட்டை நடுவுல விழாது. அதை விட மோசம், ஜாப் சக்குக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா நெளிஞ்சு வெளிய நடந்து வரும். 50 கிலோ சுத்திக்கிட்டே வெளிய வந்தா முன்னாடி நிக்கிறவன் கதி என்ன?

சக்குல ஜா நம்பர் 1, 2, 3 குத்தியிருக்கு. நாலாவதுல நம்பரே இல்ல, வேற சக்கோட ஜா. நாலு ஜா தனித்தனியா நகருறதால டயல் வச்சு சக்கு பக்கத்துல ஜீரோ கொண்டு வந்துடலாம், அதனால மேலோட்டமாப் பாத்தா நல்லாத் தெரியும். 150 மி.மீ. தள்ளி டயல் வைங்க, அங்க ஆடும். ஜாவோட வாய் தேஞ்சு அகண்டிருக்கு, உள்பக்கம் மட்டும்தான் கடிக்குது.

மீதி ஆக்சிலை செம்புதாஸ் தெருவுல கையில எடுத்துப் பாத்து வாங்கின கார்பைடு டிப் டெட் சென்டர்லதான் முடிச்சோம். பழைய வழி, நிதானமான வழி. 70 மி.மீ. விட்டத்துக்கு நிமிஷத்துக்கு 110 சுத்துக்கு மேல போகல, ஓட்டையில கிரீஸ். கட் ஓட ஓட ஆக்சில் சூடாகும்: 20 டிகிரி ஏறினா 1650 நீளம் 0.38 மி.மீ. நீளும். டெயில் ஸ்டாக்கைப் பூட்டியே வச்சா அந்த 0.38 போக இடமில்லாம ஆக்சில் வில்லா வளையும். ஒவ்வொரு கட்டுக்கு அப்புறமும் தளர்த்தித் திரும்பத் தொடணும். ஸ்டெடிக்கு முதல்ல 40 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை லேசாக் கடைஞ்சு, அது மேல ஒரு டயல், பக்கத்துல ஒரு டயல் வச்சு ஜாவை ஒவ்வொண்ணா நெருக்கணும். ஜா தொடும்போது முள்ளு 0.01-க்கு மேல நகர்ந்தா தொடுறதில்ல, தள்ளுறது. ஒரு முனையை சக்குலயே பிடிக்கணும்னா நீளமாக் கடிக்க விடாதீங்க. ஜாவுக்கும் ஜாப்புக்கும் நடுவுல செம்புக் கம்பி வளையம் ஒண்ணு போட்டா, சக்கு ஜாப்பை வளைக்காது.

நீளவாட்டுல ஷோல்டர் (விட்டம் மாறுற படி) அளவுக்கும் இதே சென்டர் ஓட்டைதான் பொறுப்பு. 60 டிகிரியில ஓட்டை வாய் விட்டம் 1 மி.மீ. கூடினா ஆக்சில் 0.87 மி.மீ. ஸ்பிண்டில் பக்கம் நகர்ந்துடும். டூலை ஒரே இடத்துல நிறுத்துற கேரேஜ் ஸ்டாப்பை நம்பிக் கடைஞ்சா பீஸுக்கு ஒரு அளவு வரும், வீல் ரெண்டும் தண்டவாளத்துல சரியா உக்காராது. பிராட்கேஜ் ரயில்ல ரெண்டு வீல் உள்முகத்துக்கு நடுவுல 1600 மி.மீ., பிளஸ் 2, மைனஸ் 1, அதுக்கு மேல சலுகை இல்ல. பெரம்பூர் ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்தவங்களைக் கேளுங்க, ஆக்சில் முனை சென்டர் ஓட்டையில அடிபட விட மாட்டாங்க.

சரி, கடைசியில ஒண்ணு விடாம சொல்றோம்னு சொன்னோம், இப்ப ஆலையில இருந்து போன் மேல போன். சுருக்கமா: டயல் கோன் மேல இருக்கான்னு குளோசப்ல காட்டச் சொல்லுங்க, நெம்பிக் காட்டச் சொல்லுங்க. கிரீஸைத் துடைக்காம போட்டோ வாங்காதீங்க. ஜா நம்பர் நாலும் கேளுங்க. தளத்துக்கு வெளிய ஒரு ரூபா போடாதீங்க, பில் இல்லாம சரக்கு ஏத்த விடாதீங்க. நுகர்வோர் உதவி 1915, ஆன்லைன் மோசடின்னா 1930. தொழிலுக்கு வாங்கினா நுகர்வோர் இல்லைன்னு யாராவது சொன்னா, சொந்த உழைப்புல பிழைக்க வாங்கின சுயதொழில்காரருக்கு 2019 சட்டத்துலயே விலக்கு இருக்குன்னு சொல்லுங்க.

அந்த விளம்பரம் இன்னும் எடுக்கல. பச்சை பெயிண்ட் ஸ்டெடி, பின்னாடி நீல தார்பாய், அதே வீடியோ. விலையை மட்டும் ரூ. 46,500-ல இருந்து ரூ. 44,000-க்கு இறக்கியிருக்கான்.